கூலூமா, காஸா, ஆற்றலா: மின்புலக் கணக்கை எந்த வழியில் போடுவது?

மின்புலக் கணக்கில் திணறுகிற மாணவர்களுக்குப் பெரும்பாலும் சூத்திரங்கள் தெரிந்தேதான் இருக்கும். எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். கூலூம் விதியை (ஒரு மின்துகளின் புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது) வைத்து ஒவ்வொரு மின்துகளாகக் கூட்டலாம், காஸ் விதியை (மூடிய பரப்பைக் கடக்கும் மொத்தப் புலத்தை உள்ளே உள்ள மின்னூட்டத்தோடு இணைப்பது) பிடிக்கலாம், மின்னழுத்தம் வழியாக ஆற்றலுக்குப் போகலாம். புதிதாகப் படிப்பவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது கூலூம் விதியைத்தான். ஏன் என்பதை ஒரு கணக்கிலேயே காட்டிவிடலாம்.

6 செ.மீ. இடைவெளியில் இரண்டு மின்துகள்கள், ஒவ்வொன்றும் +5 நானோகூலூம். நடுப்புள்ளிக்கு நேர் மேலே 4 செ.மீ. உயரத்தில் மின்புலம் எவ்வளவு? ஒவ்வொரு துகளிலிருந்தும் தூரம் 5 செ.மீ. கூலூம் மாறிலி 9×10⁹-ஐ 5×10⁻⁹-ஆல் பெருக்கினால் 45, அதை 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 18,000 நியூட்டன்/கூலூம். இங்கேதான் பலர் இரண்டையும் கூட்டி 36,000 என்று எழுதிவிடுகிறார்கள். அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பக்கவாட்டுக் கூறுகள் எதிரெதிராக நின்று அடிபட்டுப்போகும். மேல்நோக்கிய கூறு ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 14,400. இரண்டும் சேர்ந்து 28,800.

சரி, வலப்பக்கத் துகளை மட்டும் −5 ஆக்குவோம். இப்போது மேல் கீழ்க் கூறுகள் அடிபட, பக்கவாட்டுக் கூறுகள் மிஞ்சும்: 10,800 இரண்டு முறை, 21,600, வலப்பக்கமாக. இந்த இடத்தில் ஒரு பழக்கத்தை வற்புறுத்திச் சொல்வேன். கூலூம் சூத்திரத்துக்குள் கழித்தல் குறியைப் போடாதீர்கள். அளவைச் சூத்திரம் சொல்லட்டும், திசையைப் படம் சொல்லட்டும். மின்னழுத்தக் கணக்கில் இதற்கு நேர்மாறு: அங்கே குறி கட்டாயம் உள்ளே போக வேண்டும்.

அப்படிப் போட்டால் அதே புள்ளியில் மின்னழுத்தம் +900, −900, மொத்தம் பூஜ்யம். புலமோ 21,600! மின்னழுத்தம் பூஜ்யம் என்றால் புலமும் பூஜ்யம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டாலே தெளிந்துவிடுவார்கள்.

காஸ் விதி இங்கே கைகொடுக்காது. இரண்டு துகளையும் சுற்றி ஒரு கோளம் வரைந்தால் மொத்த மின்பாயம், அதாவது அந்தப் பரப்பைக் கடக்கும் புலத்தின் மொத்தக் கணக்கு, பூஜ்யம் என்று அது சரியாகவே சொல்லும். ஒரு புள்ளியில் புலம் என்ன என்பதைச் சொல்லாது. பரப்பு முழுக்கப் புலம் ஒரே அளவாக இருந்தால்தான் புலத்தைத் தொகையீட்டுக்கு வெளியே எடுத்துக் கண்டுபிடிக்க முடியும். நீண்ட நேர்க்கம்பி, பெரிய தகடு, கோளம் ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் யோசிக்காமல் காஸ். கம்பியைக் கூலூம் வழியில் துண்டு துண்டாகத் தொகையிட்டால் அரைப் பக்கம் ஆகும். கம்பியைச் சுற்றி உருளை வரைந்து காஸ் விதியைப் போட்டால் இரண்டு வரி.

அப்புறம் ஆற்றல் வழி. கேள்வியில் வேகம் என்ற சொல் வந்தால் இதுதான் குறுக்குவழி. 100 வோல்ட் வேறுபாடுள்ள இரு தகடுகளுக்கு நடுவே, எதிர்மின் தகட்டில் ஓய்விலிருந்து புறப்படும் எலக்ட்ரான் மறு தகட்டை அடையும்போது அதன் வேகம் என்ன? மின்னூட்டம் பெருக்கல் மின்னழுத்தம் என்பது இயக்க ஆற்றலுக்குச் சமம். விடை ஏறத்தாழ 5.9×10⁶ மீ/வி. விசை வழியில் போனால் தகடுகளின் இடைவெளி வேண்டும். 2 செ.மீ. என்று வைத்து, புலம் 5,000, முடுக்கம் 8.8×10¹⁴ என்று போய், கடைசியில் இடைவெளி அடிபட்டு அதே வேகம்தான் வரும்.

ஆனால் எவ்வளவு நேரத்தில் சேரும் என்று கேட்டால் ஆற்றல் சமன்பாடு மட்டும் போதாது. அந்த 2 செ.மீ. இப்போது தேவைப்படுகிறது. வேகத்தை முடுக்கத்தால் வகுத்தால் 6.7 நானோவினாடி.