சிமெண்டா, பேஸ்டா? கழன்ற டைல்ஸைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்

வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் வேலை முடிந்து ஐந்தாவது மாதம். மே மாத மத்தியானம், மேற்குச் சுவரிலிருந்து ஒரு டைல்ஸ் கழன்று விழுந்தது. இரண்டுக்கு இரண்டடி விட்ரிஃபைட், ஒன்றே 7 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். அம்மா உட்கார்ந்து குளிக்கிற ஸ்டூலின் கால் ஒன்று உடைந்து கிடந்தது. அந்த நேரத்தில் அவர் உள்ளே இல்லாதது எங்கள் புண்ணியம்.

விழுந்ததைத் திருப்பினேன். முதுகு, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. சுவரில் நின்ற சிமெண்டில் டைல்ஸின் பின்பக்கக் கட்டங்கள் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தன. சிமெண்ட் டைல்ஸின் வடிவத்தை வாங்கிக்கொண்டதே தவிர, டைல்ஸைப் பிடிக்கவில்லை.

எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். டைல்ஸ் முதுகு சுத்தமாக வந்தால் ஒட்டு தவறு. சிமெண்ட் டைல்ஸோடு வந்து பூச்சு வழவழவென்று தெரிந்தால் சுவர் தவறு: கொத்திச் சொரசொரப்பாக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது பெயிண்ட் மேலேயே வைத்திருப்பார்கள். பூச்சே பெயர்ந்து செங்கல் தெரிந்தால் கோளாறு அதற்கும் முந்தியது. சிமெண்ட் குறைந்த கலவை, செங்கல்லை நனைக்காமல் பூசியது, ஏழு நாள் தண்ணீர் விடாதது. இந்தக் கடைசி வகைக்கு எந்தப் பேஸ்ட்டும் (பையில் தூளாக வரும், தண்ணீரில் குழைத்துப் பூசுகிற டைல்ஸ் பசை) மருந்து இல்லை.

சரி, ஒப்பிடுவோம். எங்கள் மேஸ்திரி செய்தது சிமெண்ட் முறை. கலவையை 15, 20 மில்லிமீட்டர் கனத்தில் வைத்து, டைல்ஸ் முதுகில் சிமெண்ட் பால் தடவி, கரணைப் பிடியால் தட்டி உட்கார வைப்பது. எங்கள் அப்பா காலத்துக் குளியலறையில் இப்படிப் பதித்த சின்ன செராமிக் டைல்ஸ் இன்றும் அசையாமல் இருக்கிறது. காரணம் டைல்ஸின் ஜாதி. சுவர் செராமிக் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஊறவைத்துப் பதித்தால் சிமெண்ட் பால் அதன் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் குடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. பால் இறங்க இடமே கிடையாது. ‘இருபது வருசமா இப்படித்தான் சார் வைக்கிறேன், ஒண்ணும் ஆவாது’ என்றார் மேஸ்திரி. அவர் கை சுத்தமான கை, ரசமட்டம் வைத்தால் ஒரு நூல் பிசகாது. டைல்ஸ் மாறிவிட்டது, முறை மாறவில்லை.

வேலூர் வெயிலும் சிமெண்டுக்குப் பகை. சாயங்காலம் வரை காய்கிற மேற்குச் சுவரை நனைக்காமல் கலவை வைத்தால், அது இறுகுவதற்குள் சுவர் தண்ணீரை உறிஞ்சிவிடும். மிஞ்சுவது மணல். போர் தண்ணீரில் கலக்கினால் உப்பும் சேரும். எங்கள் தெருவில் வாளியில் ஆறவைத்தாலே வெள்ளைப் படலம் தெரிகிற தண்ணீர் அது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்வது மேல். பாலாற்று மணலுக்குப் பதில் இப்போது வருவது எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்த மணல். பூச்சுக்கு அதைவிட நயமாகச் சலித்த பி-சாண்ட் கேட்டு வாங்க வேண்டும்.

பேஸ்ட் முறையில் பூச்சு முதலிலேயே மட்டமாக இருக்க வேண்டும். ஒட்டும் கனம் 3 முதல் 6 மில்லிமீட்டர்தான், கோணல் சுவரை அதனால் சரிபண்ண முடியாது. சிமெண்ட் முறைக்கு உள்ள ஒரே பெரிய வசதி, கோணலை விழுங்கிவிடும் என்பது. பேஸ்டில் டைல்ஸை ஊறவைக்கக் கூடாது. முதுகில் இருக்கும் வெள்ளைத் தூளைத் துணியால் துடைக்க வேண்டும், இதைச் செய்யாமல் கழன்றது நிறைய. பல் கரணையால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுத்து, பெரிய டைல்ஸ் என்றால் முதுகிலும் ஒரு பூச்சு. நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைப்பது சோம்பேறி வேலை. உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம் நின்று தண்ணீர் தங்கும். இழுத்த பேஸ்ட்டின் மேல் விரல் வைத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் தோல் கட்டியிருந்தால் சுரண்டிப் போட்டுவிட வேண்டியதுதான். இழுத்த பேஸ்ட் இருபது நிமிடம் ஒட்டும் என்று பையில் போட்டிருப்பதை மே மாதத்தில் நம்பக் கூடாது. இறுகிய பேஸ்ட்டில் தண்ணீர் ஊற்றித் திரும்பக் கலக்குவதும் கூடாது.

பையில் ஐஎஸ் 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்) என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண செராமிக்குக்கு டைப் 1 போதும், விட்ரிஃபைட்டுக்கு டைப் 2-க்குக் குறையக் கூடாது, பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டுவதென்றால் டைப் 3. 3 மில்லிமீட்டர் கனத்தில் 20 கிலோ பை ஏறக்குறைய 50 சதுர அடி வரும். எங்கள் 7-க்கு 5 அறைக்கு, 7 அடி உயரம் வரை, கதவு போக, மூன்று பை. செலவு கூடத்தான். ஆனால் விட்ரிஃபைட்டைச் சுவரில் ஏற்றுவதென்று முடிவு செய்துவிட்டால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எந்த முறையானாலும் டைல்ஸுக்கு டைல்ஸ் 2 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். முட்டி முட்டி வைத்தால் வெயிலில் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளிக் கிளம்பும்.

இனி சரிசெய்வது. எல்லாவற்றையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம் வந்தவை பிழைத்தன, டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் கொடுத்தவை ஒன்பது. இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, இணைப்புக் கோட்டில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு எபாக்ஸிப் பசையை ஊசியால் ஏற்றி ஒரு நாள் முட்டுக் கொடுப்பது. அரை நாளில் தூசியில்லாமல் முடியும். ஓரம் பிடித்து நடு மட்டும் பொள்ளலாக உள்ள ஒன்றிரண்டுக்கு இது நியாயமான வைத்தியம். எங்களுடையதில் முதுகே பிடிக்கவில்லை, உள்ளே தூளும் ஈரமும். அதன் மேல் எபாக்ஸி எதைப் பிடிக்கும்? அம்மா குளிக்கிற இடம் வேறு. கழற்றச் சொல்லிவிட்டேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த வேறொரு மேஸ்திரி முதலில் இணைப்புக் கோடுகளை மிஷினால் அறுத்துவிட்டு, அப்புறம்தான் உளி வைத்தார். பக்கத்து டைல்ஸின் விளிம்பு ஒன்றுகூடச் சில்லு போகவில்லை. அடுத்ததாக அவர் காட்டியதை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்தால் குழி 20 மில்லிமீட்டர், பேஸ்ட்டோ 5. நேரே ஒட்டினால் புது டைல்ஸ் பக்கத்ததைவிட உள்ளே போய்விடும். ‘பேஸ்ட்டையே ரொப்பிட்டா இன்னா?’ என்று கேட்டேன். ‘அவ்ளோ கனம் வச்சா உள்ள காயாது சார், எறங்கிடும்’ என்றார். குழிக்குள் கொத்து விட்டு, நனைத்து, பூச்சு ஏற்றி, முகத்தைச் சொரசொரப்பாக விட்டு, ஏழு நாள் தண்ணீர் அடித்துக் காயவிட்ட பிறகே பேஸ்ட் வந்தது. அதற்கிடையில் குழாயில் கசிவு உண்டா என்று பிரஷர் வைத்துப் பார்த்துவிட்டோம்.

ஒட்டிய மறுநாள் கோடுகளை அடைத்தார். ஒரு வாரம் அந்தச் சுவரில் தண்ணீர் படவில்லை, எல்லோரும் பின்கட்டில் குளித்தோம். எட்டாவது நாள் அதே நாணயத்தை எடுத்து ஒன்பதையும் மூலை மூலையாகத் தட்டினேன், பக்கத்தில் இருந்த பழையவற்றையும் சேர்த்து. ஒரே சத்தம்.