பத்தாவதில் தவறியவருக்கு ஐடிஐ வெல்டர் பிரிவு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? நெல்லை வட்டாரத்துக்கான மதிப்பீடு

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் நெல்லைப் பக்கம் டீக்கடை வரைக்கும் ஒரே கேள்விதான்: "பையன் கணக்குல போயிட்டான் அண்ணாச்சி, இனி எங்க சேக்க?" பாதிப் பேர் சொல்லும் பதில் "ஐடிஐ-யில போடுங்க". பதில் சரிதான். ஆனால் எந்தப் பிரிவு, அதில் என்ன கிடைக்கும், எங்கே மாட்டிக்கொள்வான் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாவது தேர்ச்சி வேண்டும். எட்டாவது தேர்ச்சியோடு சேரக்கூடியவற்றில் நம் ஊரில் வேலைக்கு ஆள் தேடும் பிரிவுகள் என்றால் முதலில் வெல்டர், அடுத்து வயர்மேன். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் ஈராண்டு. பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐடிஐ இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். செலவைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பாடத்திட்டத்தில் இருக்கிறது. கேஸ் வெல்டிங், ஆர்க் (மின்பொறியில் ராடை உருக்கி இணைப்பது), சிஓ2 (கம்பிச் சுருளும் வாயுவும் கொண்டு செய்வது), டிக் (உருகாத டங்ஸ்டன் முனையால் செய்வது), கேஸ் கட்டிங், பிரேஸிங் (பித்தளை போன்றதை உருக்கி இணைப்பது) என்று எல்லாவற்றையும் ஒரே ஆண்டுக்குள் தொட்டுக் காட்டுகிறார்கள். எல்லாம் தெரியும், எதிலும் கை பழகியிருக்காது. படிப்பை முடித்தவர் கம்பெனி வாசலில் நடக்கும் டெஸ்டில் முதல் முறை தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் முதல் மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஆர்க்கை மட்டும் தன் முறையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாக்கியைத் தேர்வுக்கு வேண்டிய அளவு செய்தால் போதும். டிக் ஆர்க்குக்குப் பிறகு வருவது. உருகிய உலோகக் குட்டையைப் பார்க்கக் கண் பழகாமல் டிக்கில் கை வைத்தால் டங்ஸ்டன்தான் வீணாகும்.

முதல் இரண்டு வாரம் ராடு (உருகி இணைப்பில் சேரும் பூச்சுக் கம்பி) தகட்டில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில்தான் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இது கைராசிக் குறை இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 3.15 மி.மீ. தடிமனுள்ள 6013 ரக ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை வேண்டும். புதிதாகப் பிடிப்பவர் பயத்தில் 80-இல் வைத்துவிட்டு ஒட்டுகிறது என்பார். 110-இல் தொடங்கி ஐந்து ஐந்தாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஆம்பியர் சரியாக இருந்தும் ஒட்டினால் எர்த் கிளாம்பை (மெஷினின் இன்னொரு வயரைத் தகட்டோடு இணைக்கும் கவ்வி) பாருங்கள். துருவின் மேலும் பெயிண்டின் மேலும் கடித்திருந்தால் மெஷினில் என்ன வைத்தாலும் ஆர்க் விட்டுவிட்டுத்தான் வரும். கிரைண்டரில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்துவிட்டுக் கிளாம்பைப் போட வேண்டும். அதுவும் சரி என்றால் கேப். ராடின் கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி. கேப் கூடினால் பொறி சிதறும், பீடு (வெல்டு போட்ட வரி) அகன்று தட்டையாகும், ஓட்டை விழும்.

கரையோரம் பள்ளம் விழுந்தால் அண்டர்கட். ஆம்பியர் அதிகம், அல்லது ஓரத்தில் நிற்காமல் ராடை இழுத்துவிட்டார். உள்ளே கசடு சிக்கினால் முந்தைய பாஸை (முன்பு ஓட்டிய வெல்டு வரியை) சுத்தியல், பிரஷ் போட்டு ஒழுங்காகத் தட்டவில்லை. ஊசி ஓட்டை வந்தால் ராடு ஈரம், அல்லது தகட்டில் எண்ணெய். நெல்லையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்து வைத்த ராடு பாக்கெட் சீக்கிரம் நமுத்துவிடும். 7018 ரக ராடை (ஹைட்ரஜன் குறைவாக விடும் ராடு) 300 டிகிரி சுற்றி அடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காயவைக்காமல் தொடவே கூடாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன், வெல்டு ஆறிய பிறகு, சில நேரம் மறுநாள்கூட, விரிசலாகக் காட்டும்.

தேர்வு முறையும் தெரிந்திருக்க வேண்டும். தியரி கணினியில். செய்முறையில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், மற்றத் தாள்களுக்கு 33 போதும். படிப்பு வரவில்லை என்று இங்கே வந்தவருக்கு இது சாதகம்தான், ஆனால் கையில் வேலை இல்லாதவர் தப்ப வழியில்லை. 10 மி.மீ. தகடு இரண்டை வி வடிவில் சேர்ப்பது அடிக்கடி வரும் வேலை. ஒவ்வொரு பக்கமும் 30 டிகிரி சாய்வு, ரூட் முகம் (அடியில் சாய்க்காமல் விடும் விளிம்பு) ஒன்றரை முதல் 2 மி.மீ., ரூட் கேப் (இரு தகட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி) இரண்டரை மி.மீ. கேப்பை நெருக்கி டேக் (தகட்டை நிறுத்திப் பிடிக்கும் சிறு வெல்டு) அடித்தால் மறுபக்கம் உருகி வராது. டேக் அடித்தபின் வெல்டு இழுப்பதால் கேப் இன்னும் சுருங்கும் என்பதைக் கணக்கில் வைத்து, ஒரு முனையில் அரை மி.மீ. கூடவே விட வேண்டும். தகடு வளையாமலிருக்க எதிர்ப்பக்கமாக இரண்டு மூன்று டிகிரி முன்கூட்டியே மடக்கி வைப்பார்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் பீடு அழகாக இருந்தும் மார்க் போனவர்கள் நிறைய.

தோற்ற டெஸ்ட் பீஸைத் தூக்கி எறியாதீர்கள். கட்டிங் மெஷினில் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை எமரி தாளில் தேய்த்தால் எந்த இடத்தில் உருகவில்லை, எங்கே கசடு நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஆம்பியர், ராடு, கேப் மூன்றையும் தகட்டின் மேலேயே சாக்கட்டியில் எழுதி வையுங்கள். பத்துப் பீஸ் சேர்ந்தால் தன் தப்பு எது என்பது வாத்தியார் சொல்லாமலே விளங்கிவிடும்.

படிப்பு முடிந்தபின் தூத்துக்குடி அனல்மின் நிலையங்களின் ஷட்டவுன் வேலை (பராமரிப்புக்காக நிறுத்தும்போது நடப்பது), பைப்லைன், கொதிகலன் வேலை என்று போனால் காண்ட்ராக்டர் கேட்பது 6ஜி என்ற குழாய் வெல்டிங் டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்திவிடுவார்கள். குழாய் திரும்பாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். ரூட் (முதலில் போடும் அடி பாஸ்) டிக்கில், மேல் பாஸ்கள் 7018-இல் என்பது வழக்கம். எக்ஸ்ரேயில் அடிபடுவது பெரும்பாலும் அடிப்பக்க ரூட். உருகியது உள்ளே தள்ளாமல் கீழே தொங்கி, குழாயின் உள்பக்கம் குழிந்துவிடும். இன்னொன்று நிறுத்தித் தொடங்கிய இடம். நிறுத்திய நுனியைக் கிரைண்டரில் சரிவாகத் தேய்த்துவிட்டு, அதற்குச் சற்று முன்னாலிருந்து ஆர்க்கைத் தொடங்கினால் இணையும். இந்த அளவுப் பழக்கம் ஐடிஐ ஓராண்டில் வராது. அப்ரண்டிஸாக ஓராண்டு போவதோ, திருச்சி பெல் (BHEL) வளாகத்திலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சி எடுப்பதோ பலன் தரும். நேராக கிரில் பட்டறைக்குப் போனால் சம்பளம் உடனே வரும், ஆனால் கேட்டும் ஜன்னலும் அடித்துப் பழகிய கை குழாய்க்குத் திரும்புவது கஷ்டம்.

எட்டாவதை வைத்துச் சேர்ந்தவர் பத்தாவதை மறந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கண்ணி. பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்கே டெக்னீஷியன் வேலைக்குப் பத்தாவது தேர்ச்சியும் ஐடிஐ சான்றும் இரண்டும் கேட்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்தாலும் கல்வித் தகுதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். வீட்டு வாசலில் இருக்கும் வேலை ஒரு பாடத்தில் தட்டிப்போகலாமா? துணைத்தேர்வை ஐடிஐயில் சேர்ந்த கையோடு எழுதிவிட வேண்டும். எழுத வேண்டியது தவறிய பாடத்தை மட்டும்தான், எடுக்க வேண்டியது 35. கணக்கு எப்படியும் வராது என்பவர் வயர்மேன் போன்ற ஈராண்டுப் பிரிவில் சேர்ந்து முடித்து, தமிழும் ஆங்கிலமும் எழுதித் தேறினால் பத்தாவதுக்குச் சமமாகக் கணக்கிட வழி இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்கு வெல்டரைவிட வயர்மேனைப் பரிந்துரைக்கலாம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. முகத்தை மறைக்கும் ஷீல்டில் 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். பக்கத்து மேஜையின் ஆர்க்கைப் பார்த்தாலும் ராத்திரி கண்ணில் மணல் போட்டதுபோல உறுத்தும். உருளைக்கிழங்கை அறுத்து வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் இன்னும் பட்டறைகளில் நடக்கிறது. வேண்டாம், கண் டாக்டரிடம் போக வேண்டும். ஜிஐ பைப்பை (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்) வெல்டு செய்யும்போது துத்தநாகப் புகை வரும். அந்தப் புகைக்குப் பால் குடித்தால் சரியாகும் என்பதும் வெறும் பேச்சு. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

விண்ணப்பம் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில், கட்டணம் 50 ரூபாய். எட்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், புகைப்படம் தயாராக இருக்கட்டும். முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டாலும், காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும்போது ஐடிஐக்கே நேரில் போய்க் கேட்கலாம்.