படித்ததைப் பாக்கெட்டில் போட்டு விற்க முடியுமா? இரண்டு வருஷ சத்துமாவு அனுபவம்

தொழில் தொடங்க ஆசைப்படும் பலர் வீட்டில் ஒரு சான்றிதழ் கோப்பு இருக்கும். என்னிடமும் உண்டு. சிறுதானிய மதிப்புக்கூட்டல், உணவுப் பாதுகாப்பு, ஃபேஸ்புக் விளம்பரம், ஏற்றுமதி வழிகாட்டல் என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த நேரம் அது. பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. போனால் மதியச் சாப்பாடு, ஒரு பை, ஒரு சான்றிதழ்.

சான்றிதழ்கள் இப்படிச் சேர்ந்த பிறகுதான் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். ஒரு வகுப்பில் கற்றதிலிருந்து, என்னைத் தவிர இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஒரு தாளோ பொருளோ வந்தாக வேண்டும். அதுவரை அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுவதில்லை. சத்துமாவுத் தொழிலில் இந்த முறையை இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். எங்கே கைகொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் செய்தது மில்லுக்கான தாள். ராகியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது பக்கம் பக்கமாக நோட்டில் இருந்தது. மில் அண்ணனுக்கு அதெல்லாம் எதற்கு? அவருக்குத் தேவையானதை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: எந்தத் தானியம் முதலில், எவ்வளவு நைஸ், மிளகாய் அரைத்த மெஷினில் போடக்கூடாது. படித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "எல்லாம் சரிங்க, காஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்குறீங்க? ஈரம் இருந்தா கல்லுல அப்பும். கடிச்சுப் பாருங்க, டக்குனு உடையணும்." ஈரப்பதம் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள்தான். அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை, பல் இருக்கிறது. அடுத்த முறை எழுதிய தாளில் அதையும் சேர்த்தேன். அரைத்த மாவு சூடாக இருக்கும்போது பாக்கெட் போட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பரப்பி ஆறவிட வேண்டும் என்ற வரியும் அவர் சொல்லித்தான் வந்தது. தாளை இன்னொருவர் கையில் கொடுத்தபோதுதான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது.

இந்த முறையால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் கம்பு விஷயத்தில். கம்பில் கொழுப்புச் சத்து மற்ற பல தானியங்களைவிட அதிகம். மாவாக்கியதும் தானியத்திலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். கசப்பும் சிக்கு வாடையும் வரும். அரைக்கும் முன் தானியத்தைச் சூடுபடுத்தினால் நொதியின் வேகம் அடங்கும். வகுப்பில் ஒரு ஸ்லைடில் ஓடிப்போன விஷயம் இது. ஒரே மூட்டைக் கம்பைப் பச்சையாகப் பாதி, வறுத்துப் பாதி என அரைத்து, தேதி எழுதி அடுப்படி அலமாரியில் வைத்தேன். சில நாளுக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பார்த்து, ஒரு ஸ்பூன் கூழ் காய்ச்சிக் குடித்தோம். இரண்டாவது வாரத்திலேயே பச்சைக் கம்பு மாவு நாக்கின் அடியில் கசந்தது. வறுத்தது வெகுநாள் தாங்கியது. பாக்கெட்டில் எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தச் சொல்லலாம் என்று ஆய்வகத்தில் பேசப் போனபோது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தே போனேன். பழுப்புநிறக் கிராஃப்ட் பேப்பர் பவுச்சில், உள்ளே மாவு தெரிய ஜன்னல் வைத்தது அழகுதான். ஆனால் வெளிச்சம் பட்டாலும் கொழுப்பு கெடும். அதனால் ஜன்னல் இல்லாத பவுச்சுக்கே போனேன்.

விலைக் கணக்கு இன்னொன்று. அடக்கத்தின் மேல் 20 சதவீதம் வைத்தால் போதும் என்றே பலர் சொல்வார்கள். 80 ரூபாய் அடக்கத்துக்கு 96 ரூபாய் போட்டால், கடைக்காரர் எம்ஆர்பியில் 20 சதவீதம் கழித்துக்கொண்டு கொடுப்பது 76 ரூபாய் 80 காசு. மாவையும் கொடுத்து 3 ரூபாய் 20 காசும் கையிலிருந்து போகும். எம்ஆர்பியிலிருந்து பின்னோக்கி வரும் கணக்குத் தாள் ஒன்றைக் கடைக்காரருக்குக் காட்டுவதற்காகவே போட்டேன். அவர் பேனாவை எடுத்து, விற்காமல் திரும்பும் பாக்கெட்டுக்கு ஒரு வரியைத் தானே சேர்த்தார். மார்க்கெட்டிங் வகுப்பு எதிலும் அந்த வரி வரவில்லை.

லேபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதிகள் தெளிவாக இருக்கின்றன: எடை அதிகமுள்ளதிலிருந்து தொடங்கிச் சேர்பொருள்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, பேட்ச் எண், தேதி, எல்லா வரிகளும் சேர்த்த எம்ஆர்பி. முந்திரி, நிலக்கடலை சேர்த்தால் ஒவ்வாமை எச்சரிக்கை கட்டாயம். நான் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் அடிப்படைப் பதிவு போதும்; கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். விதியில் இல்லாத ஒன்றைக் கடையில் ஒரு அம்மா கேட்டார்: "ஏங்க, இதைப் பச்சத் தண்ணில கரைக்கணுமா, சுடுதண்ணியா?" இப்போது லேபிளின் பின்பக்கத்தில் பெரிதாக இருப்பது அந்தப் பதில்தான்.

இந்த முறை சரிப்படாத இடங்களும் உண்டு. வேகம் குறைவு, என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் எனக்கு முன்பே மூன்று நான்கு பொருள்களோடு ஸ்டால் போட்டுவிட்டார்கள். வரி விஷயத்தில் செய்து பார்த்துக் கற்பதும் ஆகாது. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று நிம்மதியாக இருப்போம். வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டிப் பெங்களூருக்கு ஒரு கூரியர் அனுப்பி விற்றாலே பதிவு தேவைப்படும். இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படாமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒரு பொருளைத் தீர்மானித்துவிட்டவர்களுக்கு இந்த முறை நன்றாக உதவும். என்ன தொழில் என்றே முடிவாகாதவர்கள் முதலில் நாலு இடம் சுற்றிப் பார்க்கலாம், தப்பில்லை. நான் அடுத்து பேக்கரி வகுப்புக்குப் பெயர் கொடுக்கவில்லை. கம்பு பிஸ்கட் கிடைக்குமா என்று இரண்டு கடைகள் விசாரித்திருக்கின்றன. எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் சொன்னபிறகு பார்க்கலாம்.