மாடி வகுப்பில் இரண்டு மாதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெயில் அனுப்புவது என் வேலை. பக்கத்துத் தெரு மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இரண்டு மாதம் படித்தேன். கட்டணம் 4,500 ரூபாய்.

"வென் த கூட்ஸ் வில் அரைவ், வி வில் கால் யூ" என்றுதான் இத்தனை நாளாக அடித்துக்கொண்டிருந்தேன். சார் பலகையில் எழுதி முதல் 'வில்'லை மட்டும் அழித்தார். வென், ஆஃப்டர், பிஃபோர், அண்டில், ஆஸ் சூன் ஆஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நடக்கப்போகிற காரியத்தைச் சொன்னாலும் அந்தத் துண்டில் நிகழ்காலம்தான், 'வில்' அடுத்த துண்டுக்குத்தான். "நாளைக்குச் சரக்கு வந்ததும் கூப்பிடுகிறேன் என்கிறீர்களே, அந்த 'வந்ததும்' எதிர்காலம் மாதிரியா இருக்கிறது?" என்று கேட்டார். சட்டென்று பிடிபட்டது. இந்த ஒரு பாடத்துக்கே பாதிப் பணம் தேறிவிட்டது.

'சின்ஸ்' பாடமும் பரவாயில்லை. "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் ஐ வாஸ் டென்" என்று இப்போது தடுமாறாமல் வருகிறது.

குறை என்றால் தேர்வுதான். "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" என்று எழுதியதற்கு உதவி ஆசிரியை சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். அங்கே 'வென்' என்றால் 'எப்போது', 'வரும்போது' இல்லை. 'எப்போது வருவார் என்று தெரியாது' என்பதற்கு 'வில்' சரியே. எடுத்துச் சொன்னேன், "ரூல் ரூல்தான்" என்றார். மதிப்பெண் வரவில்லை.

மின்விசிறியும் சத்தம் போடும், முன் பெஞ்சில் உட்காருங்கள். சார் எடுக்கும் மாலை வகுப்பு என்றால் தாராளமாகச் சேரலாம்.