விண்டோஸ், ஷிஃப்ட், எஸ்: ஐந்து வருடமாக என் விரல்களில்

கட்டைவிரல் விண்டோஸ் கீயில், சுண்டுவிரல் ஷிஃப்டில், மோதிர விரல் எஸ்ஸில். ஐந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது இப்படி அழுத்துகிறேன். திரை லேசாக மங்கும், சுட்டி பிளஸ் குறியாக மாறும், வேண்டிய இடத்தை மட்டும் இழுத்து விட்டால் போதும், திரையின் அந்தப் பகுதி ஸ்கிரீன்ஷாட்டாக, அதாவது படமாக, வந்துவிடும். தப்பாக அழுத்திவிட்டால் எஸ்கேப்.

அதற்கு முன்னால் பிரின்ட் ஸ்கிரீன்தான். முழுத் திரையையும் எடுத்து, பெயின்ட்டைத் திறந்து ஒட்டி, ஓரங்களை வெட்டி, அப்புறம் சேமிக்க வேண்டும். இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் இந்த மூன்று கீ வசதி கிடைத்தது. நான் கவனித்ததே தாமதமாகத்தான்.

எடுப்பது சுலபம், எடுத்த படம் எங்கே போகிறது என்பதில்தான் அடிபட்டேன். ஒருமுறை ஆன்லைனில் பணம் கட்டியதும் ரசீது எண் இருந்த திரையை எடுத்தேன். எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் பக்கத்தை மூடினேன். அடுத்து ஒரு முகவரியை காப்பி செய்தேன். பேஸ்ட் செய்தால் முகவரிதான் வந்தது! காப்பி செய்தது தற்காலிகமாக நிற்கும் கிளிப்போர்டில் மட்டுமே படம் இருந்திருக்கிறது. புதிதாக காப்பி செய்தது அதன் மேல் ஏறிவிட்டது. ரசீது எண்ணைத் திரும்ப வாங்க இரண்டு நாள் அலைந்தேன்.

அன்றைக்கே விண்டோஸ் + வி அழுத்தி கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்தேன். கடைசியாக காப்பி செய்த 25 விஷயங்கள் வரை அதில் நிற்கும். ஆனால் கணினியை ரீஸ்டார்ட் செய்தால், பின் (pin) செய்து நிரந்தரமாக வைத்தவை தவிர மற்றதெல்லாம் போய்விடும். அதனால் பணம் சம்பந்தப்பட்டது என்றால் நான் விண்டோஸ் + பிரின்ட் ஸ்கிரீன்தான். திரை ஒரு கணம் மங்கி, படம் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸில் நேராகப் போய் உட்காரும். அந்த மூன்று கீ அழுத்தும்போது வேலை செய்யும் ஸ்னிப்பிங் டூல், விண்டோஸ் 11இல் இப்போது படங்களைத் தானாகவே சேமிக்கிறது. இருந்தாலும் ஃபோல்டரைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் பக்கத்தை மூடுகிறேன்.

மேக்கில் கதை தலைகீழ். கமாண்ட் + ஷிஃப்ட் + 4 அழுத்தினால் படம் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும். கன்ட்ரோலும் சேர்த்து அழுத்தினால்தான் கிளிப்போர்டு. எனக்கு அந்த வரிசைதான் சரியாகப் படுகிறது.

அனுப்பும் படத்தில் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் ஹைலைட்டரை நம்பாதீர்கள். அதன் மை ஊடே எழுத்து தெரியும். எடுக்கும்போதே அந்தப் பகுதியை விட்டு இழுப்பது நல்லது.

சரி, குறை? மூன்று கீயால் நீளமான பக்கத்தை எடுக்க முடியாது, திரையில் தெரிவது மட்டும்தான். அதற்கு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி, முழுப் பக்கத்தையும் சேமித்துக்கொள்கிறேன்.