முப்பது பாத்தா, ஐந்து லட்சமா?

நம்ம ஊர் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டையும், ஒரு தடவை டாக்டரிடம் காட்ட 30 பாத் (பாத் அந்த நாட்டுப் பணம்) என்று தொடங்கிய தாய்லாந்தின் 30 பாத் திட்டத்தையும் பக்கத்துல வைத்துப் பார்த்தால், தொகையில் நாம்தான் பெரிய ஆள். 2018-ல் வந்த நம் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர் அந்த அட்டையை வைத்து விசிறிக்கொள்ளலாம்.

தாய்லாந்தில் 2002-லேயே வேறு மாதிரி யோசித்தார்கள். அரசு ஊழியர் திட்டத்திலோ தொழிலாளர் சமூகப் பாதுகாப்பிலோ இல்லாத எல்லோரும் உள்ளே, ஏழையா என்று சான்றிதழ் கேட்பதில்லை, காசு பொது வரியிலிருந்து. புறநோயாளிக்கும் மருந்துக்கும் சேர்த்து, பதிவு செய்த தலைக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குப் பணம் போவதால், தேவையில்லாத டெஸ்டை எழுதிக் கூடுதலாகப் பணம் வாங்க வழியில்லை. (ஒழுங்காகப் பார்க்காமல் அனுப்பிவிடும் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும்.) முதலில் பக்கத்து சுகாதார நிலையம், அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி.

நமக்கோ சிகிச்சைக்கு ஒரு பேக்கேஜ் விலை, பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனை பெரும்பாலும் நகரத்தில். மலையடிவாரத்துக்காரர் பஸ் ஏறி வரவேண்டும், அன்றைய கூலியும் போச்சு.

அதற்காகத் தாய்லாந்து சட்டத்தை அப்படியே காப்பியடித்தால் சரியாகிவிடும் என்றில்லை. அவர்கள் காப்பீட்டுக்குப் பல வருடங்கள் முன்பே மாவட்ட ஆஸ்பத்திரிகளைக் கட்டி, படித்து முடித்த டாக்டர்களைக் கிராமத்துக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், 5 லட்சத்தைப் பத்து லட்சமாக்குவதற்கு முன்னால் அந்த மாத்திரைச் செலவை உள்ளே கொண்டுவாருங்கள் என்பேன்.