பீப் சத்தத்தை நம்பி 24,500 ரூபாய் கொடுத்தோம்

கும்பகோணத்தில் அப்பா முப்பது வருடங்களுக்கு மேலாக லெண்டிங் லைப்ரரி நடத்துகிறார். பேரேட்டில் எழுதி எழுதி விரல் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், பார்கோடு வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் ஒருவரைப் பிடித்தோம். ஒரு ஸ்கேனர், ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு பழைய மானிட்டர், 'சாஃப்ட்வேர்' எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய் வாங்கினார். "ஐயா, இது சாதாரண ஸ்கேனர் இல்ல. இதுக்குத் தனி டிரைவர் சாஃப்ட்வேர் இருக்கு, வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கணும், 6,000 ஆகும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் அப்போது சென்னையில் இருந்தேன். நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, திரும்பி வந்த புத்தகங்கள் வராதவை என்றும், வெளியே போனவை அலமாரியில் இருப்பவை என்றும் கணக்கு காட்ட ஆரம்பித்தது. உறுப்பினர் ஒருவர் கண் முன்னால் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்துக்கு, அப்பா அவரிடமே பாக்கி கேட்டுவிட்டார். அந்தச் சங்கடம் அவரை ரொம்ப வாட்டியது. "சத்தம் கேட்டுச்சேப்பா" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்கேனர் பீப் அடிப்பது, கோடுகளை அது படித்துவிட்டது என்பதற்கு மட்டும்தான். அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்கி எழுதிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான யூஎஸ்பி ஸ்கேனர்கள் தங்களை ஒரு கீபோர்டு என்றுதான் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துகொள்கின்றன. எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவது போல அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு என்டர் அடிக்கும், அவ்வளவுதான். தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. நோட்பேடைத் திறந்து வைத்து ஒரு சோப்பு டப்பாவை ஸ்கேன் செய்தாலே எண் வந்து விழும். எங்களுக்குக் கொடுத்ததும் அதே ரகம்தான். அதே மாடலைப் பிறகு ஒரு கடையில் 1,800 ரூபாய்க்குப் பார்த்தேன்.

ஊருக்குப் போனதும் அந்த சர்வீஸ்காரரிடம் பாஸ்வேர்டு கேட்டேன், தரமாட்டேன் என்றார். ராஸ்பெர்ரி பையை ஆஃப் செய்து மெமரி கார்டை எடுத்து என் லினக்ஸ் லேப்டாப்பில் போட்டேன். பூட்டு எதுவும் இல்லை, எல்லாம் திறந்தே இருந்தது. 'சாஃப்ட்வேர்' என்பது பைத்தான் என்ற நிரல் மொழியில் முப்பது வரிக்கும் குறைவான ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல். கீபோர்டில் என்ன தட்டினாலும் வாங்கி ஒரு கோப்பில் சேர்க்கிறது. மேலே ஒரு வரியில் இன்றைய தேதியை எடுத்து, எழுதி வைத்த ஒரு தேதியோடு ஒப்பிடுகிறது. தாண்டிவிட்டால் 'லைசன்ஸ் முடிந்தது' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். 6,000 ரூபாய் அந்தத் தேதியை மாற்றுவதற்குத்தான்.

பதிவுகள் தவறியதற்கும் காரணம் இதே ஸ்கிரிப்ட்தான். அது திரையில் ஒரு ஜன்னலில் (விண்டோவில்) ஓடுகிறது. அந்த ஜன்னல் முன்னால் இருக்கும் வரைதான் எண்கள் அதற்குப் போகும். தம்பி அதே மானிட்டரில் கரன்ட் பில் கட்டப் பிரவுசரைத் திறந்தால், எண்கள் அங்கே போய்விடும். பிரவுசர் ஹிஸ்டரியைத் திறந்தபோது, 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கப் புத்தக எண்கள் தேடல்களாக இருந்தன. அவற்றையும் நேரத்தையும் வைத்துச் சில பதிவுகளை மீட்டேன். மற்றவை போனது போனதுதான். கடைசியாக அலமாரியை எண்ணியபோது 41 புத்தகங்கள் எங்கே என்று தெரியவில்லை.

தேதிகளும் குழம்பியிருந்தன. அவர் கொடுத்தது நான்காம் தலைமுறை ராஸ்பெர்ரி பை. அதில் கரன்ட் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது, இணையம் வந்தால்தான் சரியான நேரம் எடுத்துக்கொள்ளும். கரன்ட் போய் வந்து இணையம் வராத நாட்களில் பழைய நேரத்தையே போட்டிருக்கிறது. நாள் வாடகை வாங்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், புத்தகத்தின் பின்னட்டை எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறார். ஒரே நாவலுக்கு எங்களிடம் மூன்று பிரதிகள் இருந்தால் மூன்றுக்கும் ஒரே எண்தான். பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்) வந்ததே 2007இல்தான். எங்கள் பழைய புத்தகங்களில் பாதிக்கு மேல் பார்கோடே கிடையாது. ஒவ்வொரு பிரதிக்கும் தனி லேபிள் ஒட்ட வேண்டும் என்று லைப்ரரி வேலை தெரிந்த யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

சரி, இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றும் சொல்கிறேன். பைத்தானில் எவ்டெவ் என்று ஒரு இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. அதை வைத்து ஸ்கேனரை அதன் பெயராலேயே பிடித்து, மற்ற நிரல்களுக்கு எண்கள் போகாதபடி 'கிராப்' செய்துவிட்டேன். எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் இனிக் கவலையில்லை. என்டர் வரும் வரை எண்களைச் சேர்த்து, கடைசி இலக்கம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சோதனை இலக்கம்) சரியா என்று பார்த்து, எழுத்துச் சரமாகவே சேமிக்கிறது (எண்ணாக மாற்றினால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும்). கோப்பில் எழுதி முடித்த பிறகுதான் தனியாக மாட்டிய ஒரு சின்ன பஸ்ஸர் ஒலிக்கும். அப்பாவிடம் இனி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடிகாரத்துக்கு டிஎஸ் 3231 என்ற சின்ன மாட்யூல் போட்டாயிற்று.

பணம் கொடுக்கும் முன் நோட்பேடில் ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள். ஸ்கிரிப்ட், பாஸ்வேர்டு, உங்கள் பதிவுக் கோப்பு மூன்றும் உங்கள் கைக்கு வரும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பில்லே தரவில்லை. யுபிஐயில் அனுப்பியதற்கான ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

என் ஸ்கிரிப்ட் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். லைசன்ஸ் தேதி எதுவும் அதில் இல்லை.